மாமியார் குறைக்கச் சொன்ன குமிழ்

பிள்ளைகளா, உங்கள் மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில், லைசென்ஸ் வாங்கி அறையிலேயே ஒரு ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டார். அந்த மாதிரி ஆட்கள் காற்றிலேயே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள். 'ஞாயிற்றுக்கிழமை காலை மெட்ராஸ் நண்பரோடு பேசுவேன், கேளுங்கள்' என்று எழுதியிருந்தார். என்னிடம் இருந்தது பட்டாளத்தில் கழித்துப்போட்ட ரிசீவர். அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. மகன் குரலைக் கேட்டு வெகுநாள் ஆகிறதென்று என் மாமியார் சிங்கவரத்திலிருந்து மாமனாரோடு செஞ்சிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும் என்று நான் வேறு சொல்லியனுப்பியிருந்தேன்.

என் மாமியார் மாப்பிள்ளை எதிரில் வரமாட்டார், நேரே பேசவும் மாட்டார். அந்தக் காலத்து மரியாதை அது. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று உங்கள் அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வாள்.

ரிசீவரைப் போட்டேன். அடுத்த தெருவில் மல்லாட்டையை உடைத்து வேர்க்கடலை பிரிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது அப்படியே ரிசீவருக்குள் புகுந்து 'கர்ர்ர்' என்றது. அதற்கடியில் எங்கேயோ ஒரு ஆள் முனகுகிற மாதிரி இருந்தது. சத்தக் குமிழை முழுக்கத் திருகினேன். தூரத்து அலையை இழுத்துப் பிடிக்க 'கெயின்' என்று இன்னொரு குமிழ். அதையும் கடைசிவரை திருகினேன். இரைச்சல்தான் பெருத்தது.

“ராஜகிரி மலை மறைக்குது மாப்ள. பெங்களூரு அந்தாண்டதான இருக்குது?” என்றார் மாமனார்.

“அலை மேல போயி வானத்துல மோதி எறங்கும் மாமா.”

“மலை மேலயே எறங்கிட்டா?”

மாமனார் ஏரியல் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முக்காலிமேல் ஏறி நின்றுகொண்டார்.

உங்களில் மூத்தது அப்போது உள்ளே தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து, “கொழந்த முழிச்சிக்கும்டி. கொறைக்கச் சொல்லு” என்று வந்தது.

“இன்னாங்க, கொறைக்கணுமாம்.”

“கொறைச்சா எப்பிடிடி கேக்கும்?”

“கொழந்த அழுதா மட்டும் கேக்குமான்னு கேக்கறாங்க.”

மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? எந்தக் குமிழ் என்று அவர் சொல்லாததால் மரியாதைக்கு இரண்டையும் குறைத்தேன். கெயின் பாதிக்கும் கீழே இறங்கியதும் இரைச்சல் படுத்துவிட்டது. மெலிசாக, ஆனால் சுத்தமாக, “இங்க நல்ல குளிரு. ஓவர்” என்றது உங்கள் மாமாவின் குரல். அதுவரை என் ரிசீவர் இரைச்சலையே அள்ளி விழுங்கித் திணறியிருக்கிறது. பசியைக் குறைத்ததும்தான் குரல் உள்ளே போக வழி கிடைத்தது.

கதவு படாரென்று திறந்தது. மாமியார் ஓடிவந்து ரிசீவர் எதிரில் குனிந்து, “டேய், சாப்டியாடா?” என்றார்.

'ஓவர்' என்றால் இனி அந்தப் பக்கத்து ஆள் பேசலாம் என்று அர்த்தம். மெட்ராஸ்காரர் பேசுவது எங்களுக்கு எட்டவில்லை. சற்றுநேரம் வெறும் சலசலப்பு. பிறகு உங்கள் மாமா, “இல்ல, இன்னும் சாப்புடல. ஓவர்” என்றார்.

“பாத்தீங்களா மாப்ள! மணி பத்தாவுது, இன்னும் சாப்புடலியாம்!”

என்னிடமே நேரே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பது யாரென்று உறைத்து, முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். திட்டு மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து நிற்காமல் வந்தது.

“மெதுவா திட்டுடி, அவன் காது நோவப்போவுது,” என்றார் மாமனார், முக்காலிமேல் நின்றபடியே.

இதில் பேசினால் அங்கே கேட்காது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். உங்கள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அவளுடைய சாந்துக் குப்பியைத் திறந்து, தீக்குச்சி நுனியால் தொட்டு, கெயின் குமிழ் நின்ற இடத்துக்கு நேராக ஒரு பொட்டு வைத்தேன்.