தூபக்காலில் அம்பர்

என் தாய்மாமன் சரக்குக் கப்பலில் பணிபுரிந்தார். ஒரு விடுமுறைக்குக் காமயகவுண்டன்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தவர், வடகடல் துறைமுகம் ஒன்றில் வாங்கிய அம்பர்த் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மரப்பிசின் நெடுங்காலம் மண்ணுள் கிடந்து கல்லாக இறுகியதே அம்பர் என்பது பின்னாளில் நான் கற்றது. அன்று அவை அழுக்கேறிய சாம்பிராணிக் கட்டிகளாகவே எனக்குத் தோன்றின.

எங்கள் திராட்சைப் பந்தலின் கீழ் நண்பகல் ஒளியும் பச்சையாகவே இறங்கும். அங்கே அமர்ந்து, ஒவ்வொரு துண்டையும் நீர் தொட்டு உப்புத்தாளில் தேய்ப்பார் மாமா. மேல்தோடு கழன்றதும் பற்பொடி தூவிய பழந்துணியால் மெருகிடுவார். மங்கிய கல்லுக்குள் மெல்ல மெல்ல மாலைவெயில் ஊறிவரும். பின்னர், ஊசியை விரலிடையில் உருட்டி உருட்டித் துளையிடுவார். துளை தாங்காத சில்லுகளை எனக்காக ஒரு சிரட்டைக் கிண்ணத்தில் பதித்தார். அவர் தேய்க்கையில் எழுந்த மணம், நான் கண்டிராத ஏதோ ஒரு காட்டிலிருந்து வந்தது.

“இது யாருக்கு மாமா?”

“ஒங்க அத்தைக்கு. கோக்கிறது மட்டும் அவுக வேல. கோத்துப் போட்டுக்கிட்டாகன்னா மாமா கப்பலுக்கே போக மாட்டேன். இங்கனயே ஒங்கப்பாகூடத் திராட்சைக்கு மருந்தடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்.”

“மாட்டேன்னுட்டாகன்னா?”

“ஏ ஆத்தா, அந்த வாயக் கொஞ்சம் மூடு.”

அத்தை என் தந்தையின் தங்கை. நாள்தோறும் விடியற்பூசைக்குச் செல்பவர். இரு குடும்பத்தாரும் அவருடைய ஒரு தலையசைப்புக்காகக் காத்திருந்தனர்.

மணிகளைக் காகிதத்தில் பொதிந்து என்னிடமே மாமா கொடுத்தனுப்பினார். அத்தை பிரித்துப் பார்த்தார். ஒரு மணியை உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு பொதிந்து, மாதா மாடத்தில் சாம்பிராணிப் பொட்டலத்தின் அருகே வைத்தார்.

அன்று மாலைச் செபத்தின் நடுவே மின்சாரம் போயிற்று. மெழுகுதிரி வெளிச்சத்தில் அத்தை மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தார். ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’க்கும் ஒன்றாக, விரல்களிடையே சற்று உருட்டி, தூபக்காலின் கனலில் இட்டார். வெண்புகை சுருண்டு எழுந்தது. முழந்தாளிட்டிருந்த வீடு முழுவதும் அந்தக் காணாத காட்டுக்குள் மெல்ல மிதந்து சென்றது போலிருந்தது. பின்வரிசையில் மாமா மட்டும் தலைநிமிர்ந்தார்.

“சாம்பிராணி புதுசா? வாசம் என்னமா இருக்கு!” என்றார் அம்மா.

“ஆமா மதினி. கொஞ்சந்தான் இருந்துச்சு. தீந்து போச்சு,” என்றார் அத்தை, புகையைப் பார்த்தபடியே.

மறுநாள் காலை மாமா பெட்டியோடு பேருந்துக்கு நின்றார். நான் ஓடிச்சென்று ஆறுதல் சொன்னேன்.

“அத்த வேணும்னு செய்யல மாமா. இருட்டுல சாம்பிராணின்னு நெனச்சிட்டாக.”

அவர் சிரித்து, என் தலையில் கைவைத்தார். “இருட்டுதான் ஆத்தா. வேறென்ன?”

அடுத்த ஆண்டு அத்தை கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மாமா மீண்டும் ஊருக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. நானோ, வேளைகெட்ட வேளையில் போன மின்சாரத்தையே பல ஆண்டுகள் நொந்துகொண்டிருந்தேன். சாம்பிராணிக் கட்டியில் துளை இராது என்பதும், அதை விரல்கள் இருளிலும் அறியும் என்பதும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.