நிபோங் திபாலின் நீர்யானைகள்

அந்தத் துரை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாற்றலாகிப் பினாங்குக்கு வந்தபோது, ஒரு சிங்கத் தோலையும் ஒரு கட்டுக் கையெழுத்துத் தாள்களையும் கொண்டுவந்தார். சிங்கத்தைச் சுட்டது வேறு யாரோ என்று பிறகு தெரிந்தது. தாள்கள் மட்டும் அவர் எழுதியவைதான்.

நான் அப்போது அரசாங்க அலுவலகம் ஒன்றில் தட்டச்சுக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிழையில்லாமல் ஆங்கிலம் எழுதுவோம் என்பதைத் தவிர எங்களிடம் பெருமைக்குரியது வேறெதுவும் இல்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் அடித்த கூத்து கொஞ்சமல்ல.

துரை ஏழு வருடம் ஆண்ட ஒரு நாட்டுப்புற மாவட்டத்தின் விவரம், என்னிடம் தட்டச்சு செய்யக் கொடுத்த அந்தத் தாள்களில் இருந்தது. வடக்கே மலை, தெற்கே ஏரி. மழை எந்த மாதம், ஆறு எந்த மாதம் வற்றும், எந்தப் பாதையில் வண்டி போகும். மாடுகளுக்கு நான்கு பக்கம், மனிதர்களுக்கு ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்திலும் மனிதர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சோம்பேறிகள், பொய்யர்கள், நேரத்தின் அருமை தெரியாதவர்கள், இறுக்கிப் பிடிக்காவிட்டால் வேலை செய்யமாட்டார்கள் என்று துரையே அவர்களுக்காகவும் பேசி முடித்திருந்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எங்கோ இருக்கிற ஆப்பிரிக்கர்கள்தானே என்று சிரித்துக்கொண்டே தட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, பினாங்குத் தீவிலிருந்து கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள பகுதியைப் பற்றி அதே போன்ற விவரம் ஒன்று வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. துரை அதுவரை கிளப்பைத் தாண்டிப் போனதில்லை. அதற்கு அவசியமும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. நான் தட்டிக் கொடுத்த ஆப்பிரிக்கத் தாள்களை எடுத்தார், சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஏரியை அடித்துக் கடல் என்று எழுதினார். மாடு எருமையாயிற்று. சோளம் ரப்பராயிற்று. மனிதர்களைப் பற்றிய பக்கத்தில் அந்த இனத்தின் பெயரை அடித்துவிட்டு, ‘தமிழ்க் கூலிகள்’ என்று மேலே எழுதினார். மற்றதெல்லாம் அப்படியே நின்றது. நாளை மதியத்துக்குள் வேண்டும் என்றார்.

‘சோம்பேறிகள்’ என்ற இடத்தில் என் விரல் நின்றது. தாளை எடுத்துக்கொண்டு தலைமைக் குமாஸ்தாவிடம் போனேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்.

“ஐயா, இதை ஒருக்கால் பாருங்கோ. எங்கட சனத்தைப் பற்றி இப்பிடி எழுதியிருக்கிறார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். “எங்கட சனமோ? தம்பி, இது தோட்டத்துக் கூலியளைப் பற்றின கதை. நீர் எப்ப ரப்பர்ப் பால் வெட்டப் போனனீர்? போய் வேலையைப் பாரும்.”

போய் வேலையைப் பார்த்தேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் அந்த ஒன்றரைப் பக்கத்தைத் தட்டினேன். ஆனால் விலங்குகளைப் பற்றிய பத்தியில் துரை ஒரு வரியை அடிக்க மறந்திருந்தார். மழைக்காலத்தில் நீர்யானைகள் ஆற்றிலிருந்து ஏறி வந்து பயிரை மிதிக்கின்றன என்ற வரி. மலாயாவில் நீர்யானையே கிடையாது. வேண்டுமென்றே அதை விட்டுவைத்தேன். மேலே யாராவது படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், துரையின் மானம் கப்பலேறும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள் பெரிய வீரன் மாதிரி நடந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. தலைமைக் குமாஸ்தா காற்புள்ளிகளைச் சரிபார்த்தார். மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நீர்யானைகளோடு சேர்ந்து அந்த விவரம் புத்தகமாக அச்சாயிற்று. துரைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைத் தலைமைக் குமாஸ்தா தனக்கே வந்ததுபோல ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். என் வீரம் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தைத்தான் படித்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அச்சான பிறகுதான் துரை முதன்முறையாக அந்தப் பக்கம் போனார். ஒரு தோட்டத்தைப் பார்வையிட வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். பெர்ரிப் படகில் அக்கரையிலுள்ள பிறை என்ற ஊர், அங்கிருந்து ரயிலில் நிபோங் திபால். கையில் அந்தப் புத்தகத்தோடு, ரப்பர்ப் பால் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, ஒரு மரத்தடியில் நின்றார். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கெண்டைக்காலில் அட்டை கடித்த இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறாள் என்று கேட்கச் சொன்னார்.

“கோழி கூவுறதுக்கு முன்னாடியே பெரட்டுக் களத்துல வரிசையா நின்னு பேரு குடுக்கணுங்க,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “தொர கையில என்னாங்க பொஸ்தகம்?” என்றாள்.

“இந்தப் பக்கத்தைப் பத்தித் துரை எழுதினது.”

“எங்களப் பத்தியும் இருக்குங்களா?”

“இருக்கு. நல்லா உழைக்கிற சனம்னு எழுதியிருக்கார்.”

அவள் துரையை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னிக்குத்தானே மொத தடவையா வர்றாரு? பாக்காமயே எப்படிங்க எழுதுனாரு?”

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார்.

“தங்களுக்கு நன்றி சொல்கிறாள்,” என்றேன்.

துரை தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

திரும்பும் ரயிலில் துரை வாயைத் திறந்தபடி தூங்கினார். அவருடைய தொப்பி கீழே விழுந்து அழுக்காகிவிடாமல், பிறை வரும்வரை நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.