லிஃப்டை நிறுத்தியவன் மேல் போட்ட வழக்கு

"தப்பு ஒப்கொள்தீரா?" என்று நீதிபதி கன்னடத்தில் என்னைக் கேட்டபோது, எனக்கு முன்னால் நின்ற ஆறு பேர் தங்கள் தங்கள் தப்பை ஒப்புக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தலையை ஆட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அபராதம் கட்ட வெளியே போனார்கள். என் வக்கீலும் அதையே செய்யச் சொல்லித்தான் என்னை அழைத்து வந்திருந்தார்.

"ஒப்கொள்ளல்ல ஸ்வாமி" என்றேன்.

நீதிபதி முதல்முறையாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். என் வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். என் அப்பா தங்க வயலில் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டின் எஞ்சினில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு நகரத்தில் நீலசந்திராவுக்குக் குடிவந்தோம். சின்ன மெயின்டெனன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் இருந்தேன். என் பொறுப்பில் இருந்த கட்டடங்களில் ஒன்று ஐந்து மாடி அபார்ட்மென்ட். அங்கே இருந்த பழைய லிஃப்டின் பிரேக் லைனிங் தேய்ந்து போயிருந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அரை அடி, ஒரு அடி கீழே வழுக்கிப் போய் நின்றது. சர்வீஸ் ரெஜிஸ்டரில் மூன்று முறை எழுதினேன். லைனிங்கை மாற்ற வேண்டும், அதுவரை லிஃப்டை ஓட்டக் கூடாது என்று தெளிவாகவே எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அபார்ட்மென்ட் சங்கத்தின் செக்ரெட்டரி ஒவ்வொரு முறையும் "அடுத்த மீட்டிங்ல வெச்சு சொல்றேன்" என்பார்.

நாலாவது முறை போனபோது எனக்கே பயம் வந்துவிட்டது. மெயின் சுவிட்சை அணைத்தேன். வாட்ச்மேனிடம் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வாங்கி ஐந்து துண்டாக வெட்டி, 'லிஃப்ட் ரிப்பேர், உபயோகிக்க வேண்டாம்' என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி, ஒவ்வொரு மாடிக் கதவின் குறுக்கேயும் கயிறு கட்டி மாட்டினேன். செக்ரெட்டரியிடம் நேரில் சொன்னேன். "வயசானவங்க இருக்காங்கப்பா, படி ஏற முடியாது. நீ சும்மா பெரிசு பண்ற" என்றார். "ஏறலன்னா வீட்ல இருப்பாங்க சார், லிஃப்ட்ல போனா விழுவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ஃப்யூஸையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். இன்றைக்கும் அதை நினைப்பேன். ஆனால் மெஷின் ரூம் பூட்டும் சாவியும் சங்கத்துக்காரர்களுடையவை. பதினெட்டு வருடத்தில், நிறுத்தி வைத்த லிஃப்டை யாரும் எனக்குத் தெரியாமல் ஓட்டியதில்லை.

மறுநாள் காலை யாரோ அட்டைகளை அவிழ்த்துவிட்டு லிஃப்டை ஓடவிட்டார்கள். நாலாவது மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் கதவைத் திறந்து கால் வைத்தார். லிஃப்ட் ஒன்றரை அடி கீழே நின்றிருந்தது. விழுந்ததில் தொடை எலும்பு உடைந்துவிட்டது.

மதியம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, டூல் பையோடு போனேன். கவனக்குறைவால் பலத்த காயம் உண்டாக்கியதாக என் மேலேயே கேஸ் எழுதி வைத்திருந்தார்கள். என் மேல் மட்டும்தான். ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். இன்ஸ்பெக்டர் செக்ரெட்டரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "அப்படி ஒரு ரெஜிஸ்டரே இல்லையாமே" என்றார். எங்கள் கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டேன். "நீ எங்க ஆளு இல்லப்பா, கான்ட்ராக்ட்தானே" என்று வைத்துவிட்டார். பதினெட்டு வருடத்தை அவர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

ஜாமீனுக்கு ஆனேக்கலிலிருந்து என் அக்கா புருஷன், தன் நிலத்தின் பஹணிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். நல்ல மனுஷன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் சொன்னார்: "மச்சான், கோர்ட்டு நமக்கு ஆவாது. இன்னா கேக்கறாங்களோ ஆமான்னு சொல்லிட்டு வந்துடு."

வக்கீல் சொன்னதும் அதுதான். அவர் இங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். பாதி கன்னடம் கலந்துதான் பேசுவார். "பாருங்க, இதெல்லா சின்ன கேஸ். ஒப்கொண்டா ஃபைன் கட்டிட்டு மத்யானமே வீட்டுக்குப் போயிடலாம். நடத்தினா வருஷக்கணக்குல ஆகும். ரெஜிஸ்டர போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். அதுல என் கையெழுத்து இருக்குது. அது போதாதா?"

"அந்த ரெஜிஸ்டர் இருந்தாத்தானே உங்க கையெழுத்து இருக்கும்?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உள்ளபடி சொன்னால், ஒப்புக்கொண்டுவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அன்று இருந்தேன். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"நீ இன்னாத்துக்கு ஒத்துக்கணும்? அந்தம்மா கால ஒடச்சது நீயா?"

"சின்ன கேஸுதான்னு சொல்றாரு."

"ஒத்துக்கினா அப்புறம் எந்த லிஃப்ட்டத் தொட உடுவாங்க உன்ன? நிறுத்துன்னு சொன்னவன்தான் ஒடச்சான்னு எழுதி வெப்பாங்க. நான் பேப்பர்ல அதப் படிக்கணுமா?"

மறுநாள் கூண்டில் ஏறியபோது எனக்கு அவள் கேட்டதுதான் காதில் இருந்தது. அதனால்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

வக்கீல் சொன்னது பொய்யில்லை. மூன்று வருடம் ஆனது. ஒரு வாய்தாவுக்கு நீதிபதி விடுப்பு, அடுத்ததற்கு அவரே மாற்றலாகிப் போய்விட்டார். கேஸை விசாரித்த அதிகாரிக்கு வேறு ஊரில் பந்தோபஸ்து. சாட்சிக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் காலை பத்தரைக்கெல்லாம் போய் உட்கார்ந்திருப்பேன். பேர் கூப்பிடும்போது ஒரு நிமிடம் தாமதித்தால் வாரண்ட் வரும். சாட்சி ஒரு வருடம் வராவிட்டாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேஸ் இருப்பது தெரிந்து எந்த லிஃப்ட் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. சிவாஜிநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவரான கடை முதலாளியிடம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு கேட்டு நின்றேன்.

கடைசியில் செக்ரெட்டரி சாட்சிக் கூண்டுக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அட்டை எதுவும் மாட்டியிருக்கவில்லை என்றார். மெக்கானிக் லிஃப்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொய்! சுத்தப் பொய்!" என்று கத்திவிட்டேன். நான் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. நீதிபதி மேஜையைத் தட்டி, இன்னொரு தரம் வாய் திறந்தால் உள்ளே தள்ளிவிடுவேன் என்றார். பொய் சொன்னவருக்கு நாற்காலி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே தள்ளுவது என்னையாம்.

அதற்கடுத்த வாய்தாவில் டீச்சரம்மா வந்தார். கோர்ட் முதல் மாடியில் இருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்து நான் ஓடிப்போய்ப் பிடிக்கக் கை நீட்டினேன். ஒரு கான்ஸ்டபிள் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். "நீ அக்யூஸ்டு. சாட்சி கிட்ட போகக் கூடாது." டீச்சரம்மாவைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள அட்டை கட்டியவன் நான். அந்த இடத்தில் அதை யாரிடம் சொல்வது?

அரசு வக்கீல் அவரிடம் கேட்டார்: "இவர் சரியாக ரிப்பேர் செய்யாததால்தான் நீங்கள் விழுந்தீர்கள், அல்லவா?"

டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு வகுப்பில் பாடம் சொல்வதுபோல நிதானமான கன்னடத்தில் பேசினார். "முந்தின நாள் இந்த ஆள் என் வாசலுக்கு எதிரே கயிறு கட்டி அட்டை மாட்டினார். நான் அதைப் படித்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இருந்தது. காலையில் பார்த்தால் கயிறும் இல்லை, அட்டையும் இல்லை. செக்ரெட்டரியைக் கேட்டேன். ஓடுகிறது, தைரியமாகப் போங்கள் மேடம் என்றார். போனேன், விழுந்தேன்."

அரசு வக்கீல் ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, போலீஸிடம் நீங்கள் இப்படிச் சொல்லவில்லையே என்றார்.

"கேட்டால்தானே சொல்வது? ஆஸ்பத்திரியில் வலியில் கிடந்தபோது அவர்கள் எழுதி வந்து கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று படிக்கிற நிலையில் நான் இல்லை."

நீதிபதியே கேட்டார்: "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை அம்மா?"

"என்னை யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்குத்தான் கூப்பிட்டீர்கள்."

எனக்கு அழுகை வரவில்லை, அடக்க முடியாத கோபம்தான் வந்தது. இந்த நாலு வார்த்தையை முதல் வாரமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதுமே.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. நீதிபதி படித்து முடிக்க, முன்பு ஒப்புக்கொண்டவர்களுக்கு ஆன அதே அரை நிமிடம்தான் ஆனது. அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வக்கீல் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சந்தோஷமா இருங்க. நானே எதிர்பாக்கல."

"அந்த செக்ரெட்டரி மேல கேஸ் இல்லியா சார்? ரெஜிஸ்டர காணாம அடிச்சவங்க மேல?"

"அது வேற கேஸ். யாராவது கம்ப்ளெயின்ட் கொடுக்கணும்."

மனைவியும் நானும் தீர்ப்பின் நகலை வாங்கிக்கொண்டு பழைய கம்பெனிக்குப் போனோம். முதலாளி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் விட்டுட்டாங்களே, இன்னும் என்ன?" என்றார். "தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என் மனைவி கேட்டாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தேன். இப்போது தரைத்தளத்து வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார். அவர் சார்பில் செக்ரெட்டரி மேல் ஒரு புகார் எழுதினோம். கன்னடத்தில் அவர் எழுதினார், பிரேக் எப்படித் தேய்கிறது என்ற பகுதியை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். சாட்சி என்று போட்டு என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். ஸ்டேஷனில் அதை வாங்க மூன்று நடை நடக்க வைத்தார்கள். வாங்கியதற்கு ரசீது கேட்டதும் எழுத்தர் முறைத்தார். நான் நகரவில்லை. ரசீது எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தேன். ஏழு மாதமாக அதன் மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. மாதம் ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.