செலின் அழித்த கறுப்புப் பட்டைகள்

செலின் இறந்த செய்தியை எங்கள் ஸ்டூடியோ முதலாளிதான் போனில் சொன்னார். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் பாறைப்பொடி ஏற்றிப்போன லாரி தக்கலை வளைவில் அவளது ஸ்கூட்டரை அடித்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "அவளுக்க கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா? கல்யாண வீடியோ ஒண்ணு குடுக்கணும்." மலையை உடைத்து எல்லை தாண்டி அனுப்பும் ஊரில் ஒரு பெண்ணின் சாவுக்கு இவ்வளவுதான் நேரம்.

நம் ஊர்க்காரர்களே, உங்களில் பலருக்கு அவள் உங்கள் கல்யாண வீடியோவை எடிட் செய்தவள். நாங்கள் இருவரும் சேர்ந்து வேறொரு படமும் செய்தோம். புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமாரை நான் கேமராவில் பதிவு செய்தேன். அவள் வெட்டிச் சேர்த்தாள். காணாமல்போனவர்களைப் பற்றிச் சென்னையில் விசாரணை நடத்தும் அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டிய படம். எங்கள் கடற்கரைப் பேச்சு அவர்களுக்குப் புரியாதாம். தமிழ் பேசும் பெண்ணுக்குத் திரையின் கீழே தமிழிலேயே எழுத்து போடச் சொன்னார்கள். எனக்கு எரிந்தது. செலின் சிரித்தாள்.

"ஏட்டி, அது அவளுவளுக்க வெக்கம் இல்ல, அவனுவளுக்க வெக்கம். நல்ல பெருசாவே போடுவோம்."

எழுத்தைப் போட்டால் தெரியவில்லை. நாங்கள் சொல்லாமலே ஒவ்வொரு பெண்ணும் கணவனின் புகைப்படத்தை நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்திருந்தாள். எழுத்து வரும் இடமும் அதுதான். அந்தப் புகைப்படங்களில் ஆண்கள் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. வெள்ளை எழுத்து அதில் கரைந்தது. சுற்றிக் கறுப்பு ஓரம் கொடுத்தால், ஆங்கில எழுத்துக்குச் செய்த அந்த மென்பொருள் ஓரத்தை உள்ளே ஊரவிட்டுத் தமிழ் எழுத்தின் சுழிகளை அடைத்தது. கல்யாண வேலைகளுக்கிடையே நேரமில்லை என்று நான்தான் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட்டேன். செலின் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

அனுப்பும் முன் தேவாலயப் பங்கு மண்டபத்தில் அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினோம். அவர்களில் ஒருத்தியான ஆக்னஸ் அக்கா பாதியில் எழுந்தாள்.

"மக்கா, எனக்க ஆளுக்க மூஞ்சிய எதுக்கு மறச்சிய? உடம்பும் கெடைக்கல்ல. இந்த மூஞ்சிதானே எனக்கு உண்டு."

யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் செலின் எல்லாப் பட்டைகளையும் அழித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாகக் கறுப்பில் நான்கு பிரதி எடுத்து, மேலே, கீழே, இடம், வலம் என்று ஒரு முடி அளவு நகர்த்தி, எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை வரியை வைக்கத் தொடங்கினாள். ஓரம் கிடைத்தது, சுழி அடைபடவில்லை, முகமும் தெரிந்தது. ஒரு வரிக்கு ஐந்து வரி வேலை.

"இவ்வளவு வரிக்குமா? உனக்குக் கிறுக்கா?" என்றேன்.

"நீ மறச்ச, நான் எடுக்கேன். மிண்டாம இரி" என்று என் வாயை அடைத்தாள்.

தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறும் மறுகையில் மவுஸுமாக அதைச் செய்தாள். ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கண்ண மூடினாலும் எழுத்துக்க நெழலு வந்து நிக்குது, கேட்டியா" என்றாள். அன்று நான் சிரித்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், எனக்குத் தெரிந்த பாஸ்வேர்டைப் போட்டு அவள் கம்ப்யூட்டரில் எங்கள் படத்தின் கோப்பைத் திறந்தேன். கடைசி வரி ஒன்றுதான் மிச்சம். ஆக்னஸ் அக்கா கேட்பது: "அவரக் கண்டவங்க ஆராவது உண்டா?" நான்கு கறுப்புப் பிரதிகளையும் செலின் நகர்த்தி வைத்திருந்தாள். மேலே வெள்ளை இல்லை. நிழல் வந்துவிட்டது, எழுத்து வரவில்லை. ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் அவள் நாற்காலி நகர்வதுபோல் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளை வரியை நானே வைத்துப் படத்தை அனுப்பினேன். ஆக்னஸ் அக்காவின் கணவரை அதிகாரிகள் இனி முழு முகமாகப் பார்த்தே ஆகவேண்டும். எனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டேன். அதில் கடைசி வரி செலின் விட்ட இடத்திலேயே கறுப்பாக நிற்கிறது.