தங்கராஜு அண்ணன் போடாத கையெழுத்து

தங்கராஜு அண்ணன் போயிட்டார்... நேற்றுக் காலை, ஈப்போ ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி என்று போனவர், திரும்பி வரவில்லை.

ஈப்போவில் எங்கள் பக்கத்து சிலிபின்காரர்கள் நிறையப் பேருக்கு அவரைத் தெரியும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காம்பார் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வாங்கிய மூன்று ஏக்கரில் செம்பனை, அதுதான் எண்ணெய்ப் பனை, வைத்திருந்தார். பக்கத்து இரண்டு ஏக்கர் என்னுடையது.

எங்கள் தோட்ட வரிசையில் துப்பாக்கி லைசென்ஸ் இருந்த ஒரே ஆள் அவர்தான்.

காலையிலிருந்து எல்லாரும் ஃபேஸ்புக்கில் 'தங்கமான மனுஷன்' என்று போடுகிறீர்கள். சரிதான். எனக்கு அவர்மேல் இருபது வருஷமாகப் பொறாமை. அதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா...

காட்டுப்பன்றி இறங்கினால் செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போய்விடும். உடனே எல்லாரும் அவருக்குத்தான் போன் போடுவார்கள். என் நிலத்தில் பன்றி இறங்கிய அன்றுகூட என் மனைவி எனக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வருவார். பூட்ஸ், பழைய கம்பெனி சட்டை, முதுகில் அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஒரே வெடி... முடிந்தது.

சுட்டவருக்குத் தலையும் ஈரலும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவரோ தன் பங்கை, யாருடைய கன்று அழிந்ததோ அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார். அந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஈரல் வறுவலைத் தின்றுகொண்டே அவர்மேல் வயிறெரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நானும் லைசென்சுக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டேன். மூன்றும் தள்ளுபடி.

மூன்றாவது தடவை, அக்கம்பக்கத்து லைசென்ஸ்காரர் ஒருவரின் ஆதரவுக் கடிதம் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். நானே டைப் செய்து அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"தம்பி, போன மாசம் மாடு உன் கன்ன மேஞ்சிருச்சுன்னு மாட்டுக்காரன் மேல பாராங் கத்திய தூக்கிக்கிட்டு ஓடினியே... அன்னிக்கு உன் கையில இது இருந்திருந்தா?"

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சண்டை. ஏதோ ஒரு நாட்டில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு. அதை வைத்து, யாருக்கும் துப்பாக்கியே வேண்டாம் என்று ஒரு கூட்டம். நிலம் உள்ளவனுக்கெல்லாம் கொடுக்கணும் என்று எங்கள் கூட்டம். கொஞ்ச நேரத்தில் அது கட்சிச் சண்டை ஆகிவிட்டது.

அண்ணன், துப்பாக்கியே வேண்டாம் என்றவர்களின் கட்சிக்காரர். மனித உரிமை, மெழுகுவத்தி ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் போவார். 'ஊர்வலத்துக்கும் வருவீங்க, வீட்டுல துப்பாக்கியும் வெச்சிருப்பீங்களா' என்று அவர் கட்சிக்காரர்களே அவரைக் கிண்டலடிப்பார்கள்.

அன்றைக்கு அவர் குரூப்பில் போட்டது இவ்வளவுதான். "எனக்குத் துப்பாக்கி வேணும், பன்னி வருது. ஆனா லேசுல யாருக்கும் குடுக்கக் கூடாது. வெச்சிருக்கிறவன் சொல்றேன் லா."

ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறீங்க என்று பதில் போட்டுவிட்டு குரூப்பை விட்டு வெளியேறினேன். இரண்டு பக்கமும் அவரைத் திட்டித் தீர்த்தது. அடுத்த வாரம் பன்றி இறங்கியபோது இரண்டு பக்கமும் அவரையே கூப்பிட்டது. அதிலும் எனக்குப் பொறாமைதான்.

நான் மட்டும் கூப்பிடவில்லை. நாற்பது கன்று போச்சு... போகட்டும் என்று இருந்தேன். வேலி ஓரம் பார்த்தால் தலையாட்டுவார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நான்கு வருஷம்.

நேற்று மத்தியானம் அவர் மனைவி போன் செய்தார். நியூஸ் சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"குணா, பாடி வீட்டுக்கு வர்றதுக்குள்ள துப்பாக்கி வீட்ட விட்டுப் போயிரணுமாம். அண்ணன் சொல்லி வெச்சிருந்தாரு. உன்னைக் கூப்பிடச் சொன்னாரு. அந்த ஃபாரம் எல்லாம் உனக்குத்தான் தெரியுமாம்."

அக்கா கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையும் அதுதானே... மூன்று தடவை தள்ளுபடி ஆனவனைவிட யாருக்கு அந்த ஃபாரம் எல்லாம் தெரியும்?

போனேன். ஸ்டேஷனுக்கு நான்தான் போன் போட்டேன். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். அக்கா பீரோவைத் திறந்துவிட்டார். துப்பாக்கி, பாக்கி இருந்த தோட்டாக்கள், லைசென்ஸ் புத்தகம் எல்லாம் மேசைக்கு வந்தன.

எண்ணெய் வாசனை. குழலில் ஒரு பொட்டுத் துரு இல்லை. தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. தொடவில்லை.

ஒப்படைப்பு ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். அவர் பெயர், ஐசி அடையாள அட்டை நம்பர், துப்பாக்கி நம்பர். கீழே சாட்சி என்று ஒரு கோடு. ஒப்படைப்பவர் அக்கா; போலீஸ்காரர்களை விட்டால் கூடத்தில் மிச்சம் நான் ஒருவன்தான்.

போட்டேன், அண்ணே. எனக்கு நீங்கள் போடாத கையெழுத்தை உங்களுக்கு நான் போட்டேன்.

அரை மணி நேரம் கழித்து உங்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்துதான் வண்டியிலிருந்து இறக்கினார்கள். வாசல் நிறையக் கூட்டம். எனக்கெல்லாம் இதில் பாதிகூட வராது.

நாளைக்கு மத்தியானம் எடுக்கிறார்கள். தூக்க நானும் வருகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே...