கால்சட்டை மடிப்பில் புல்

கணவரின் கால்சட்டையை ஊறவைக்குமுன் மனைவி அதன் மடிப்பை உதறினாள். இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் புல் உதிர்ந்தது.

முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஓட்டக் கற்றிருந்தார். தரையிறங்கி ஓடும்போது அது பக்கவாட்டில் இழுத்தால் காலால் மிதித்துத்தான் நேராக்க வேண்டும். இவருக்கோ பழைய பழக்கத்தில் கைதான் முந்திக்கொள்ளும்.

“மறுபடியும் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள்ள போயிட்டீங்களா?”

“காத்து இழுத்துடுச்சு. இறங்கித் தள்ளிட்டு வந்தேன். பஸ்ஸையே தள்ளுன ஆளு நான்.”

“பஸ் புல்லுல நிக்கும். இது கவுந்துடும்னு உங்க வாத்தியார் சொன்னாரே.”

“அவன் சின்னப் பையன்.”

வாசலில் மகள் தொப்பியோடு காத்திருந்தாள். இன்று அப்பாவோடு முதல்முறையாகப் பறக்கப்போகிறாள்.

“அவளை வச்சுக்கிட்டு இறங்கும்போதாவது கால் ஞாபகம் வருமாங்க?”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.