தையல் அறைக்குப் பழுப்புக் கண்ணாடி

என் மனைவி இருபத்தாறு வருடமாகத் தையல்காரி. எங்கள் வீட்டு முன்னறையில், மேற்குப் பார்த்த ஜன்னலோரம் அவளுடைய மிஷின். நான் பஸ் ஓட்டப் போய்விட்டால் அதுதான் பேச்சுத்துணை என்பாள். நான் வீட்டில் இருந்தாலும் அதனோடுதான் அதிகம் பேசுகிறாள் என்பது என் கட்சி.

அவள் பெயர் வாங்கியது நூலில். துணியையும் நூற்கண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் தையல் எங்கே ஓடுகிறதென்று நாம் துணியில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நிறம் பார்க்கிற கண் எல்லாருக்கும் வாய்க்காது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

போன வருடம் வீட்டைப் பழுது பார்த்தோம். பழைய மர ஜன்னல் மழைக்காலத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். தோளால் முட்டித் திறக்க வேண்டும். வெயில் காலத்தில் சுருங்கிப்போய், மூடினாலும் மூடாத மாதிரி இருக்கும். கீழ்மூலையைக் கரையான் முடித்துவிட்டிருந்தது. ஜன்னல் செய்கிறவர் ஒரு பை நிறையச் சட்டத் துண்டுகளோடு வந்து தரையில் பரப்பினார். என் மனைவி துணி எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“நல்ல தேக்குன்னா நிக்கும்க்கா. ஆனா வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கணும்.”

“இவர் அடிப்பாரா?” என்று என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மரம் போயிற்று.

இரும்பு வேண்டவே வேண்டாம் என்றாள். சாரல் பட்டுத் துருப்பிடித்து, அந்தக் கறை யாருடைய வெள்ளைச் சட்டையிலாவது ஏறினால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அலுமினியத் துண்டை வாசற்படி வெயிலில் வைத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தாள். திரும்பப் போய்த் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “இஸ்திரிப் பெட்டி ஏற்கெனவே ஒண்ணு இருக்கு,” என்றாள். கடைசியில் யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்டம் தேறியது. மட்டமானது வெயிலில் மஞ்சளாகிவிடுமாம். உள்ளே இரும்பு வைத்த நல்ல சரக்காகப் போடுவதென்று முடிவாயிற்று. பக்கவாட்டில் தள்ளுகிற ஜன்னல் என்றால் பாதிக் காற்றுதான் வரும், அதனால் வெளிப்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி கேட்டாள்.

“கண்ணாடி என்ன நிறம்க்கா?”

“அது இவர் இஷ்டம். ஒண்ணாவது கேட்டோம்னு இருக்கட்டும்.”

முப்பது வருடம் வெயிலை முகத்தில் வாங்கி வண்டி ஓட்டினவன் நான். நல்ல கரும்பழுப்பு என்றேன்.

மாட்டிய அன்றே அறை குளிர்ந்துவிட்டது. “நீங்க செஞ்ச உருப்படியான காரியம் இது ஒண்ணுதான்,” என்றாள். நான் தரையில் கால்நீட்டிக் கிடந்தேன். அந்த மாதம் பார்த்துத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். தூசிக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒரு பாவாடையோடு வந்தாள். “அக்கா, கருநீலத்துக்குக் கறுப்பு நூல் போட்டிருக்கீங்க. ஆபீஸ்லதான் பாத்தேன். பரவால்ல, யாரு கவனிக்கப் போறாங்க?”

என் மனைவி தையலை உற்றுப் பார்த்துத் தலையாட்டினாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்ததாம். இதைப் பிற்பாடுதான் சொன்னாள். அடுத்த வாரம் அரக்குத் துணிக்குக் காப்பிக்கொட்டை நிற நூல் போயிற்று. அதன் பிறகு பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை தவிர எதையும் வாங்கவில்லை. வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினாள். அவள் அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை மங்க ஆரம்பித்தது. இவளுக்கு நாற்பத்தொன்பது. கண் டாக்டரிடம் போவோம் என்று நான் சொன்னால், “நீங்க உங்க வண்டியைப் பாருங்க,” என்று வாயை அடைத்துவிடுவாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அதனால் வற்புறுத்தவில்லை.

முதல் மழையில் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. ஜன்னல்காரர் வந்து கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, ரப்பர் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி மேசையை ஒதுக்க வந்தாள்.

“கருநீல நூல் டப்பாவுல யாருங்க கறுப்பைப் போட்டு வெச்சது?”

“நீதான். வேற யாரு அதைத் தொடுறது?”

அவள் கண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெற்று ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பையும் நீலத்தையும் சேர்த்துப் பிடித்தாள். முன்னால் கொண்டுவந்தாள். மறுபடி பின்னால்.

“ஏங்க, எனக்கு ரெண்டும் வேற வேறயாத் தெரியுதுங்க!”

“பழுப்புக் கண்ணாடி நிறத்தைத் தின்னுடும்க்கா,” என்றார் ஜன்னல்காரர். “தையல் அறைன்னு தெரிஞ்சும் நான் சொல்லாம விட்டுட்டேன்.”

எனக்கு அர்ச்சனை நிச்சயம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளோ கீழே உட்கார்ந்து சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கவே அழுதாள். எனக்கு அத்தனை சந்தோஷம், ஜன்னல்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

இப்போது அங்கே வெறும் வெள்ளைக் கண்ணாடி. வெளியே, அவளே முரட்டுக் கித்தானில் தைத்த மறைப்பு வெயிலைத் தடுக்கிறது. முன்னைவிடப் புழுக்கம்தான், நான் வாயைத் திறப்பதில்லை. பழுப்புக் கண்ணாடி குளியலறைக்குப் போய்விட்டது. வங்கிப் பெண் மூன்று பாவாடை கொடுத்திருக்கிறாள்.

கண்ணாடி மாற்றிய அன்று சாயங்காலம் மிஷின் இழுப்பறையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து நீட்டினாள்.

“எப்படி இருக்கு?”

தையல் ஒரு இழை பிசகாமல் நேராக ஓடியிருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

“நீங்க டூட்டிக்குப் போனப்புறம் கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சுப் பழகினேன். நாலு உறை வீணாப் போச்சு. இது அஞ்சாவது.”

நான் குட்டித் தூக்கம் போட்ட அதே அறையில்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டியிருப்பீங்களா?” என்றாள்.